விருந்தாளி அறை

பல் டாக்டருக்கு எதிர்ப்பேச்சு கேட்டுப் பழக்கமில்லை. அவள் முன்னால் மல்லாந்து படுக்கிறவர்கள் வாயை அகலத் திறந்து வைத்திருப்பார்களே ஒழிய, ஒருவராலும் பேச முடியாது. "வலிக்குதா?" என்பாள். "ஆ" என்பார்கள். வலிக்கவில்லை என்று அவளே எடுத்துக்கொள்வாள். வீட்டிலும் அதே கதைதான். வீட்டுக்காரர் காப்பீட்டுக் கம்பெனியில், நஷ்டஈடு கேட்டு வருகிற மனுக்களை நிராகரிக்கும் பிரிவில் இருந்தார். பகல் முழுக்க இல்லை, முடியாது என்று எழுதிக் கை ஓய்ந்து வருகிற மனிதருக்கு வீட்டில் எதையும் மறுக்கத் தெம்பு இருக்காது. இப்படி எந்தப் பக்கமிருந்தும் காற்றுப் படாமல் வாழ்ந்தவள்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தான் கட்டிய வீட்டை வீடியோ படம் பிடித்து, கிளினிக் பெயரில் இருந்த தன் இணையப் பக்கத்தில் போட்டாள்.

வீடு என்றால் குடியிருக்கிற வீடு இல்லை. பொம்மை வீடு. அப்படிச் சொன்னால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மினியேச்சர் என்று சொல்ல வேண்டும். நிஜ வீட்டில் ஓர் அடி என்றால் அதில் ஓர் அங்குலம். மூன்று மாடி. தரைக்கு நிஜத் தேக்கைச் சீவி ஒட்டியிருந்தாள். ஜன்னல்கள் திறந்து மூடும். மாடிப்படிக் கைப்பிடியைப் பல் குடைகிற மிஷினை வைத்தே கடைந்திருந்தாள். கூடத்து விளக்கில் இருந்த பல்பு ஒவ்வொன்றும் கடுகு அளவு. இரண்டு குளியலறை, ஒன்றில் வெள்ளைக் குளியல்தொட்டி. சமையலறையில் ஒரு செம்புக் கெட்டில். அதைச் செய்கிற ஆள் உலகத்திலேயே ஒருவர்தான், அவரும் கடல் கடந்து இருந்தார், காத்திருந்துதான் வாங்க வேண்டும். விலையை வீட்டுக்காரர் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. மேல்மாடியில் ஒரு விருந்தாளி அறை. இரண்டு கட்டில், தைத்துப் போட்ட மெத்தை விரிப்பு, கட்டிலுக்கு அடியில் ஒரு ஜோடி செருப்பு. வரப்போகிற விருந்தாளிக்கு என்று செருப்புவரை யோசித்தவள் அவள்.

இந்த வீடு நின்றது நிஜ வீட்டின் மாடி அறையில். கிழக்குப் பார்த்த அறை, கூடவே ஒரு குளியலறை. நிஜ வீட்டைக் கட்டியபோது வரைபடத்தில் இன்ஜினியர் அந்த அறைக்கு எழுதியிருந்த பெயரும் விருந்தாளி அறைதான்.

அந்த அறையைப் பற்றி ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிட வேண்டும். படம் போடுவதற்கு இரண்டு மாதம் முன்னால் அவளுடைய தங்கை போன் பண்ணியிருந்தாள். தங்கை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். தனி ஆள், வாடகைக்கு இருந்தாள்.

"அக்கா, எங்க ஓனர் வீட்டை இடிச்சுக் கட்டப் போறாராம். வேற எடம் கெடைக்கிற வரைக்கும் உங்க மாடி ரூம்ல இருந்துக்கட்டுமா? ஒரு மூணு மாசம்."

"அந்த ரூமாடி? ஐயோ, ஒரே சாமான் அடைஞ்சு கெடக்கு. கால் வைக்க எடமில்ல."

"பரவால்லக்கா. சும்மாதான் கேட்டேன்."

சும்மா கேட்டேன் என்று யாரும் சும்மா சொல்வதில்லை. தங்கை ஒரு பெண்கள் விடுதிக்குப் போனாள். அறைக்கு நாலு பேர், அலமாரியில் ஒரு தட்டு அவளுக்கு. அக்காவுக்கு அன்று மனதில் வந்தவை தூசி, ஈரத்துணி, அப்புறம் தங்கையின் முழங்கை. சின்ன வயதிலிருந்தே அந்த முழங்கை எதையாவது இடித்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். பொய் வாயில் தானாக வந்தது. அது வந்த வேகத்திலேயே மறந்தும் போனது. பொய் சொல்கிறவர்கள் குறைந்தபட்சம் அதை நினைவில் வைத்துக்கொள்ளவாவது வேண்டும். அவளுக்கு அந்த அக்கறைகூட இல்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை படம் பிடித்தபோது அவள் கவலையெல்லாம் வெளிச்சத்தைப் பற்றித்தான். முதலில் கெட்டிலைக் காட்டினாள். பிறகு விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டாள். கடைசியில் மூன்று மாடியும் ஒரே சட்டத்துக்குள் அடங்க வேண்டுமே என்று போனைப் பிடித்தபடி பின்னால் நடந்தாள். நடந்தாள், நடந்தாள், முதுகு ஜன்னலில் இடிக்கிறவரை நடந்தாள். வீடு முழுசாகத் தெரிந்தது. அறையும் முழுசாகத் தெரிந்தது.

முதலில் எல்லாம் தேனாக ஓடியது. இதே பைத்தியம் பிடித்த நாலு பேர் எங்கெங்கிருந்தோ வந்து, கைப்பிடிக்கு என்ன மரம், பசை என்ன பசை என்று உருகினார்கள். நல்லா இருக்கு என்று டிவியைப் பார்த்துக்கொண்டே சொல்லும் கணவனோடு குடித்தனம் நடத்தியவளுக்குத் தலைகால் புரியவில்லை. மத்தியானத்துக்கு மேல் யாரோ ஒருவர் அந்தப் படத்தை எடுத்து, 'நம்ம வீட்டுக்கு வெள்ளையடிக்க வழியில்ல, இங்க பாருங்க' என்று ஒரு வரி சேர்த்துத் தன் பக்கத்தில் போட்டார். அவ்வளவுதான். ஊரே கிளம்பி வந்துவிட்டது.

'எங்க காம்பவுண்டுல நாலு குடும்பத்துக்கு ஒரு பாத்ரூம். இங்க ஆளே இல்லாத வீட்டுக்கு ரெண்டு.'

'விருந்தாளி ரூம் யாருக்கு மேடம், எறும்புக்கா?'

'பல்லைப் புடுங்கின காசு இப்படித்தான் போகும்.'

குள்ளமணி என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவர், 'வாடகைக்கு விடுவீங்களா? நான் கொஞ்சம் குட்டைதான், அட்ஜஸ்ட் பண்ணிக்குவேன்' என்று கேட்டிருந்தார். அதற்கு மட்டும் ஆயிரம் பேர் சிரித்திருந்தார்கள்.

இதையெல்லாம் அவள் திங்கட்கிழமை கிளினிக்கில் படித்தாள். ஊசி போட்ட பிறகு தாடை மரத்துப்போகக் கொஞ்ச நேரம் ஆகும். அந்த நேரத்தில் போனை எடுப்பாள். படுத்திருப்பவர் பாதி மரத்த வாயோடு கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார், டாக்டர் முகம் சிவந்துகொண்டே போவதைக் கண்டு தன் பல்லுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று கலங்குவார். கேட்கவும் முடியாது.

ஒரு வரியை மட்டும் அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். 'எங்கம்மா முன்பல் ரெண்டு கட்ட வழியில்லாம வாயைப் பொத்திக்கிட்டுதான் சிரிக்கிறாங்க. நீங்க வீடு கட்டுங்க மேடம்.' அது உறைத்தது. வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுக்கிற பெண்மணியை உள்ளே கூப்பிட்டாள். அந்த அம்மாளுக்குக் கிளினிக்கில் டோக்கனம்மா என்றுதான் பெயர்.

"இவங்க யாருன்னு விசாரிங்க. அந்தம்மாவுக்குப் பல்லு நானே கட்டி விட்டுடறேன். காசு வேண்டாம்."

டோக்கனம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தாள். "ஊரு பேரு ஒண்ணும் இல்லையே மேடம். இருந்தாலும் நீங்க கூப்பிட்டா வர மாட்டாங்க."

"ஏன்?"

"அவங்க பல்லு கேக்கலையே. திட்டிட்டுல்ல போயிருக்காங்க."

சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் நமக்குக் கதை ஏது? அவள் பதில் எழுத ஆரம்பித்தாள். முதல் பதில்: 'இது ராத்திரி பகலா உழைச்சு சம்பாதிச்ச காசு.' அதற்கு உடனே ஒருவர், 'நாங்க மட்டும் படுத்துக்கிட்டா சம்பாதிக்கிறோம்? படுத்துக்கிறது உங்ககிட்ட வர்றவங்கதான்' என்று எழுதினார். கிழித்துத் தொங்கவிட்டுவிட்டார் என்று அவருக்கு நூறு பேர் கைதட்டினார்கள்.

இரண்டாவது பதிலில்தான் அவள் தன் வாயாலேயே கெட்டாள். எல்லாமே விலைக்கு வாங்கியதில்லை என்று நிரூபிக்க நினைத்து, 'அந்தக் குளியல்தொட்டிக்கு ஒரு பைசா செலவில்லை. பல்லுக்கு கேப் போடுற பீங்கான் மாவு மிச்சம் இருந்தது, அதுல நானே சுட்டேன்' என்று பெருமையாக எழுதினாள்.

மறுநாள் ஒரு கணக்கு வாத்தியார், முந்தின மாதம் கடைவாய்ப் பல்லுக்கு கேப் போட்டவர், டோக்கன் எடுக்காமலே உள்ளே வந்து நின்றார். நாக்கால் பல்லைத் துழாவிக்கொண்டே பேசினார்.

"எனக்கு அன்னைக்கே ஒரு சந்தேகம் மேடம், கேப்பு கொஞ்சம் சின்னதா இருக்கேன்னு. இப்பல்ல தெரியுது."

"சார், அது வேற மாவு."

"தொட்டியில யாரு மேடம் குளிக்கப் போறா? நான் தெனமும் மெல்லணும்."

மத்தியானம் டோக்கனம்மா வந்து, "மூணு பேரு கேன்சல் மேடம். இன்னொருத்தர் கேன்சல் பண்ணல, மிச்ச மாவைத் திருப்பிக் கேக்கறாரு" என்று தகவல் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று சாப்பிடும்போது வீட்டுக்காரர் தொழில்முறையில் ஒரு யோசனை சொன்னார். "காரணம் சொல்லவே கூடாது. நிராகரிச்சுட்டுப் போயிட்டே இருக்கணும். காரணம் சொன்னா அப்பீலுக்கு வருவாங்க."

அவள் கேட்கவில்லை. புதன்கிழமை மூன்றாவதாக ஒரு பதிவு எழுதினாள். அது நீளமானது, எழுதும்போது அவளுக்கே கண் கலங்கியது. சின்ன வயதில் அவளும் தங்கையும் அப்பா அம்மாவோடு ஒற்றை அறைக் குடித்தனத்தில் வளர்ந்தவர்கள். மழை நாளில் அக்கா தரையில் சாக்பீஸால் பெரிய வீடு வரைவாள். கூடம், படுக்கையறை, மாடி என்று கோடு போட்டுப் பிரிப்பாள். கோட்டை மிதித்தால் ஆட்டம் போச்சு, வாசல் வழியாகத்தான் போக வேண்டும். 'அந்த சாக்பீஸ் வீட்டைத்தான் இப்போ மரத்துல கட்டியிருக்கேன். இது எனக்கும் என் தங்கச்சிக்கும் சேர்த்துக் கட்டின வீடு' என்று முடித்திருந்தாள்.

அதில் எழுதியது அத்தனையும் உண்மை. அந்த விளையாட்டில் தங்கை, "எனக்கு எந்த ரூம்?" என்று கேட்கும்போதெல்லாம், "நீ விருந்தாளி, வெளியில நின்னு கதவைத் தட்டு" என்று இவள் சொல்வாள். அது மட்டும் பதிவில் விட்டுப்போயிருந்தது.

காற்று ஒரே நாளில் திரும்பிவிட்டது. திட்டினவர்களே வந்து, 'மன்னிச்சுடுங்க மேடம், அழ வச்சுட்டீங்க' என்றார்கள். கேன்சல் பண்ணினவர்கள் மறுபடி டோக்கன் கேட்டார்கள். கணக்கு வாத்தியார்கூட ஒரு கும்பிடு பொம்மை போட்டிருந்தார். டாக்டருக்கு வாய்க்குள் சர்க்கரை போட்டது போல இருந்தது. வியாழக்கிழமை ஒரு ஞானப்பல்லைப் பிடுங்கி வைத்துவிட்டு, கையுறையைக் கழற்றி, இன்னும் யார் யார் பாராட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தபோது அது கண்ணில் பட்டது. தங்கை எழுதியிருந்தாள்.

'ரொம்ப அழகா இருக்குக்கா. ரூமும் நல்லா வெளிச்சமா, தாராளமா இருக்கு.'

பார்க்கிறவர்களுக்கு அது சாதாரணப் பாராட்டு. பாசமுள்ள தங்கை என்று பத்துப் பேர் அதற்கும் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள். அக்கா மட்டும் அதை இரண்டாம் தடவை படித்தாள். தன் படத்தைப் போட்டுப் பார்த்தாள். அவள் பின்னால் நடக்க நடக்க, தரை நீண்டுகொண்டே போனது. துடைத்து வைத்த வெறும் தரை. ஒரு பெட்டியில்லை, ஒரு மூட்டையில்லை. குளியலறைக் கதவு திறந்து கிடந்தது. ஜன்னலிலிருந்து வெயில் பாய் விரித்ததுபோல விழுந்திருந்தது.

ஊர் உலகத்துக்கெல்லாம் பத்தி பத்தியாகப் பதில் எழுதியவளுக்கு அந்த ஒரு வரிக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஒரு சிவப்பு இதயத்தை அழுத்திவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள். நாற்காலியில் இருந்தவர் வாயில் பஞ்சோடு காத்திருந்தார்.

சாயங்காலம் தங்கைக்கு போன் பண்ணினாள்.

"ஞாயித்துக்கிழமை வாயேன்டி. வீட்டைப் பாக்கலாம்."

"வரேன்க்கா. அந்த ரூம்லயா இருக்கு?"

"ஆமா."

"சாமானெல்லாம் ஒழிச்சுட்டியா?"

தங்கை குரலில் குத்தல் இல்லை. கடையில் வருகிறவர்களிடம் இப்ப தெளிவாத் தெரியுதா என்று கேட்பாளே, அதே குரல். "ஆங்... ஒழிச்சாச்சு" என்றாள் அக்கா. பழைய பொய்யைக் காப்பாற்றப் புதுசாக ஒன்று.

வெள்ளிக்கிழமை அவள் மாடிக்குப் போனாள். அந்த அறையைத் தங்கைக்குக் காலி பண்ணிக் கொடுத்துவிடுவது என்று முடிவாகிவிட்டது. வீட்டைக் கீழே கூடத்துக்கு இறக்கிவிடலாம். டேப்பை எடுத்து அளந்தாள். மறுபடி அளந்தாள். அறைக்கதவு வழியாக அந்த வீடு போகாது. எப்படிச் சாய்த்தாலும் போகாது. கட்டிய வீட்டின் ஒவ்வொரு ஜன்னலையும் நூல் பிசகாமல் அளந்தவள், அதை வைத்துக் கட்டுகிற அறையின் வாசலை ஒரு தடவைகூட அளந்ததில்லை.

டேப்பைச் சுருட்டி வைத்தாள். பிறகு ரம்பத்தை எடுத்தாள். மாடிப்படியை ஒட்டி நடுவில் அறுத்தால் இரண்டு பாதியாக வெளியே கொண்டுபோகலாம். கைப்பிடி போகும், கூடத்து விளக்கு போகும். போகட்டும். நினைக்கவே வலித்தது, ஆனால் அதில் ஒரு சுகமும் இருந்தது. தங்கைக்காக அறுத்தேன் என்று சொல்ல முடியுமே. கடவுள் சத்தியமாகச் சொல்வதென்றால், அதையும் படம் பிடிக்கலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தாள்.

வீட்டுக்காரர் டீ தம்ளரோடு வாசலில் வந்து நின்றார்.

"என்ன பண்ற?"

"அறுக்கப் போறேன். அவ தங்கறதுக்கு எடம் வேணாமா?"

அவர் அறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "ஜன்னல் பக்கம் கட்டிலைப் போட்டா எடம் இருக்கே. இன்னொரு கட்டில் போட்டாலும் நடக்கலாம்."

அவள் பார்த்தாள். இருந்தது. இரண்டு மாதம் முன்னாலும் இருந்தது.

"இதை அன்னைக்கே சொல்ல வேண்டியதுதானே நீங்க?"

"நீ போன்ல பேசறப்ப பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். ஒரே சாமான் அடைஞ்சு கெடக்குன்ன. எந்தச் சாமான்னு எனக்கும் புரியல. மறுத்துட்ட, காரணம் எதுக்குக் கேக்கணும்னு விட்டுட்டேன்."

ரம்பத்தை வைத்துவிட்டாள். தியாகம் செய்கிற வழியும் அடைபட்டுப் போனது. இருவரும் கீழேயிருந்து கட்டிலைத் தூக்கி வந்து ஜன்னலோரம் போட்டார்கள். அதன் பிறகும் தரை மிச்சம் இருந்தது. அதைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தாள். தோளில் கைப்பை மட்டும்தான்.

"துணிமணி எதுவும் எடுத்துட்டு வரலையாடி?"

"பாக்கத்தானேக்கா கூப்பிட்ட."

மாடிக்குப் போனார்கள். தங்கை குனிந்து ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்த்தாள். முழங்கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு, எதையும் இடிக்காமல் பார்த்தாள். அக்காவின் கண் அந்தக் கையிலேயே இருந்தது. நாலு பேர் இருக்கிற அறையில் யாரையும் இடிக்காமல் இருக்கப் பழகியிருக்கிறாள். மேல்மாடிக்கு வந்ததும் தங்கை கட்டிலுக்கு அடியில் இருந்த செருப்பைக் கவனித்துவிட்டாள்.

"செருப்புகூட வச்சிருக்கியேக்கா. இது யாரு ரூம்?"

அக்கா வாயைத் திறந்தாள். திறந்தபடியே நின்றாள். மரத்துப்போன தாடையோடு தன் நாற்காலியில் படுத்திருப்பவர்களுக்கு எப்படி இருக்கும் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

"அன்னைக்கு சாமான் எதுவும் இல்லடி. பொய் சொன்னேன்."

"தெரியும்க்கா. வீடியோல பாத்தேன். ஊரே பாத்துச்சு." தங்கை நிஜக் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். "எடம் இல்லன்னதுகூட பெருசா இல்ல. திட்டினவங்களுக்கெல்லாம் உக்காந்து உக்காந்து பதில் போட்ட. பாத்ரூம் தொட்டிக்கு ஒரு பதில். எனக்கு மட்டும் ஒரு இதயத்தைப் போட்டுட்டுப் போயிட்ட."

"இப்பக் கேக்கறேன். வந்து இருடி."

"ஒரு தடவை கேட்டாச்சுக்கா. கூச்சத்தை விட்டுட்டுதான் கேட்டேன். இப்ப நீ கூப்பிடறது எனக்காகவா, அந்தப் பதிவுக்காகவான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. அக்கா போனை எடுத்தாள். தங்கை எழுதிய அந்த வரியைத் தேடிப் பிடித்தாள். மேலே ஊரார் அனுப்பிய கண்ணீரும் கும்பிடும் வரிசையாக நின்றன. அவற்றுக்குக் கீழே எழுதினாள். இந்த முறை அவளுக்குக் கண் கலங்கவில்லை, காது மட்டும் சூடாக இருந்தது. 'என் தங்கச்சி தங்க இடம் கேட்டப்ப, இந்த ரூம்ல சாமான் அடைஞ்சிருக்குன்னு பொய் சொன்னேன். ரூம்ல இருந்தது இந்த வீடு ஒண்ணுதான். அவளுக்கு இடம் இருந்துச்சு. அவ இப்ப விடுதியில இருக்கா.' அனுப்பினாள்.

கட்டிலில் தங்கையின் போன் டிங் என்றது. தங்கை எடுத்துப் படித்தாள். படித்து முடித்தும் நிமிரவில்லை.

"உனக்குக் கிறுக்காக்கா? நாளைக்கு யாரு வருவா கிளினிக்குக்கு?"

"பல்லு வலிச்சா வருவாங்க."

அதற்குள் டிங் டிங் என்று ஆரம்பித்துவிட்டது. வியாழக்கிழமை அழுதவர்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து வறுத்தெடுத்தார்கள். 'கூடப் பொறந்தவளுக்கு எடமில்ல, கெட்டிலுக்கு எடமிருக்கு.' 'சாக்பீஸ் கதை சொல்லி ஏமாத்திட்டாங்க.' கணக்கு வாத்தியார் தன் கும்பிடைத் திரும்ப எடுத்துக்கொண்டார். டாக்டர் ஒன்றுக்கும் பதில் போடவில்லை. போனைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டில் கிரீச்சென்றது.

தங்கை படித்துக்கொண்டே போனாள். அறைக்குள் வெயில் நகர்ந்து அவள் கால்வரை வந்திருந்தது. திடீரென்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. முழங்கை அக்காவின் விலாவில் நன்றாக இடித்தது.

"என்னடி?"

"குள்ளமணின்னு ஒருத்தர். அப்ப அந்த மேல்மாடி ரூம் இன்னும் காலியாத்தானே இருக்குன்னு கேக்கறாரு."

"அவருக்கு என்னதான் பதில் போடறது?"

தங்கை போனைக் கட்டிலில் வைத்தாள். எழுந்து போய்க் குளியலறைக் குழாயைத் திறந்து, தண்ணீர் வருகிறதா என்று கை வைத்துப் பார்த்து மூடினாள். ஈரக்கையைத் துப்பட்டாவில் துடைத்தபடி வந்து, அறை வாசலில் கழற்றி விட்டிருந்த செருப்பை எடுத்து நிஜக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"ஆள் வந்தாச்சுன்னு போடுக்கா" என்றாள்.